எண்ணெய் போச்சுன்னா பிடிக்குமா, விடுமா?

"உங்களுக்கு எந்த ஊர்?"னு கேட்டா முன்னாடியெல்லாம் ரெண்டு பதில் வெச்சிருப்பேன். தமிழ்க்காரங்க கேட்டா "கோலார் தங்கவயல்". மத்தவங்க கேட்டா "பெங்களூர் பக்கம்". 2018-ல அந்தப் படம் வந்ததுக்கு அப்புறம் கதையே மாறிப்போச்சு. "கே.ஜி.எஃப்"னு வாயைத் திறந்தா போதும், மெல்போர்ன் ஆபீஸ்ல இருக்கிற வடநாட்டுப் பசங்க நாற்காலியை விட்டு எழுந்துடறாங்க. "அங்க நிஜமாவே அவ்வளவு துப்பாக்கியா?"னு ஒருத்தன் கேட்டான். எங்க லைன்ல நான் பார்த்த ஒரே ஆயுதம் எங்க அம்மா கையில இருந்த துடைப்பம்தான்டா தம்பின்னு சொன்னேன் :-)

இது தங்கத்தைப் பத்தின கதை இல்லை மக்களே. பிரேக்கைப் பத்தின கதை. சைக்கிள் பிரேக். ஆனா சுத்திச் சுத்தி சுரங்கத்துல போய்தான் நிக்கும். எங்க ஊர்க்காரன் எந்தக் கதையை ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் நிப்பான்.

2004-ல இங்க வந்தேன். எட்டு வருஷம் உட்கார்ந்த இடத்துலயே வேலை பார்த்து, தொப்பையும் கொழுப்பும் ஏறி, டாக்டர் முறைச்சதுல 2012-ல ஒரு ரோடு பைக் வாங்கினேன். வளைஞ்ச ஹேண்டில்பார், விரல் தண்டி டயர். நம்ம ஊர் சைக்கிள் மாதிரியே ரப்பர் கட்டை வந்து ரிம்மைக் கவ்வுற பிரேக். வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல டாண்டினாங் மலை. அதுல "ஒன் இன் ட்வென்டி"ன்னு ஒரு பாதை. இருபது அடி போனா ஒரு அடி ஏறும், அதான் பேரு. ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. வானத்தைத் தொடுற யூகலிப்டஸ் மரங்கள், ஓரமெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல பெரணிச் செடி. சனிக்கிழமை காலையில ஏறி, ஒரு காபி குடிச்சிட்டு இறங்கி வந்தா அந்த வாரத்துக் கவலை எல்லாம் தீர்ந்துடும்.

2019 ஜூலை. இங்க குளிர்காலம். ராத்திரி முழுக்க மழை பெய்ஞ்சு ரோட்டுல எலையும் பட்டையுமா ஒட்டிக் கிடந்துச்சு. இறங்கும்போது ஒரு வளைவு. பிரேக்கை அமுக்கினேன். ஒண்ணும் நடக்கலை. மறுபடியும் அமுக்கினேன். பிடிச்சுது, ஆனா வளைவு முடிஞ்சுபோச்சு. நான் பெரணிச் செடிக்குள்ள. காரை எலும்பு ரெண்டா போச்சு, இடது தோள்ல இன்னிக்கும் ஒரு தட்டும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கு.

இதுல மாய மந்திரம் ஒண்ணுமில்லை. ரிம் நனைஞ்சிருந்தா பிரேக் கட்டை முதல்ல அந்தத் தண்ணியைத் துடைக்கும். அதுக்கு சக்கரம் சில சுத்து சுத்தணும். அப்புறம்தான் பிடி கிடைக்கும். 40 கிலோமீட்டர் வேகத்துல போறவன் ஒரு நொடியில 11 மீட்டர் போயிடறான். அந்த ஒரு நொடிக்குள்ளதான் என் வளைவும் இருந்துச்சு.

தங்கமணி ஆஸ்பத்திரியில வெச்சே தீர்ப்பு சொல்லிட்டா. "ஒண்ணு சைக்கிளை வித்துடுங்க. இல்லைன்னா நிக்கிற சைக்கிளா வாங்குங்க."

நிக்கிற சைக்கிள்னா டிஸ்க் பிரேக். சக்கரத்தோட நடுவுல ஒரு எஃகுத் தட்டு, அதைக் கவ்வ ரெண்டு சின்னக் கட்டை. ரிம் ரோட்டுத் தண்ணியிலயும் சேத்துலயும் புரளுது. தட்டு மேல இருக்கறதால அவ்வளவு அழுக்காகாது. ஓட்டையும் போட்டிருப்பாங்க, தண்ணி சட்டுனு விலகிடும். மழையிலயும் அமுக்கின உடனே பிடிக்கும்.

நான் என்ன நெனச்சேன்? பிரேக்கை மட்டும் கழட்டி மாத்திக்கலாம்னு நெனச்சேன். நம்ம ஊர் மூளை. கடைக்காரர் என் பழைய சைக்கிளை ஒரு சுத்து பார்த்துட்டு தலையை ஆட்டினார். அதுல டிஸ்க் காலிப்பரை மாட்டுறதுக்கு இடமே கிடையாது. சக்கரத்தோட ஹப்புல தட்டை மாட்ட வழியில்லை. "வெல்டிங் பண்ணிடலாமா?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க! அப்புறம் பொறுமையா விளக்கினார். ரிம் பிரேக் பிடிக்கும்போது விசை ஃபோர்க்கோட உச்சியில வரும். டிஸ்க் பிடிக்கும்போது ஃபோர்க்கோட ஒரே காலுக்கு, அதுவும் அடி முனைக்கு வரும். அதைத் தாங்குற மாதிரி அந்த ஃபோர்க்கைச் செய்யவே இல்லை. ஒட்டவெச்சா ஒரு நாள் கையோட வந்துடும்.

ஆக, ரிம்ல இருந்து டிஸ்க்குக்கு "அப்கிரேடு"ன்னு ஒண்ணு கிடையாது. வேற சைக்கிள்தான். இது தெரியாம இணையத்துல டிஸ்க் செட் வாங்கி வெச்சுட்டு முழிக்கிறவங்க நம்மாளுங்கள்லயே நிறைய பேர் இருக்காங்க.

தோள் ஆறுற வரைக்கும் படிச்சேன். சைக்கிள் ரேஸ்காரங்களே இதை லேசுல ஏத்துக்கலை. உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 2015-ல சோதனையா அனுமதிச்சுது. 2016 ஏப்ரல்ல பாரிஸ்–ரூபே பந்தயத்துல ஃபிரான்சிஸ்கோ வென்டோசோங்கிற ஸ்பெயின் வீரர், கால்ல வெட்டினது டிஸ்க்தான்னு சொன்னதும் நிறுத்திட்டாங்க. 2017-ல மறுபடியும் சோதனை, 2018 ஜூலையில முழு அனுமதி. அதுக்கு முன்னாடி 2013 டிசம்பர்ல ஸ்ராம் கம்பெனி தன்னோட முதல் ரோடு ஹைட்ராலிக் பிரேக்குகளைத் திரும்ப வாங்கிக்கிச்சு. கடுங்குளிர்ல உள்ள இருக்கிற சீல் அழுத்தத்தைத் தாங்காம பிரேக் திடீர்னு போயிடுதுன்னு அவங்களே அறிவிச்சாங்க. இதைப் படிச்சப்ப, "பெரிய கம்பெனிக்கே இந்தக் கதியா"ன்னு நெனச்சதோட சரி. அதுல எனக்கு ஒரு பாடம் இருக்குன்னு அப்ப தோணலை.

2022-ல ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கினேன். டிஸ்க்தான், ஆனா கேபிள்ல இழுக்கிற டிஸ்க். மழையில பிரமாதமா நின்னுச்சு. ரெண்டு குறை. கட்டை தேயத் தேய நாமளே திருகிச் சரி பண்ணணும். இன்னொண்ணு, நீள இறக்கத்துல என் இடது கை மரத்துப்போகும். கேபிள் வளைஞ்சு நெளிஞ்சு பின்சக்கரம் வரைக்கும் போகுது, அழுக்கு சேரச் சேர இறுகுது. ஸ்க்ரூ போட்ட தோளுக்கு அது பெரிய பாரம்.

அப்பதான் ஹைட்ராலிக் ஆசை வந்துச்சு. ஸ்கூல்ல படிச்ச பாஸ்கல் விதிதான். மூடின குழாய்க்குள்ள இருக்கிற திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே போகும். லீவர்ல சின்ன பிஸ்டன், சக்கரத்துகிட்ட பெரிய பிஸ்டன். விரலால அமுக்கினா அங்க பல மடங்கு விசை. குழாய் எத்தனை வளைவு போனாலும் உராய்வு ஏறாது. கட்டை தேஞ்சா பிஸ்டன் தானே முன்னாடி வந்து நிக்கும்.

இங்கயும் ஒரு பாடம். காலிப்பரை மட்டும் மாத்தினா போதாது. எண்ணெய்க் கலயமும் பிஸ்டனும் லீவருக்குள்ளதான் இருக்கு, அதனால கியர் மாத்துற லீவர் ரெண்டையும் சேர்த்து மாத்தணும். செலவுல பெரும்பங்கு அதுதான். கேபிள் இழுத்தா காலிப்பருக்குள்ள மட்டும் எண்ணெய் வேலை செய்யற கலப்பு வகையும் இருக்கு. அது மலிவு, பழைய லீவரே போதும். ஆனா எனக்கு முழுசா வேணும்னு பிடிவாதம். தங்கமணிகிட்ட சொன்ன விலையில பாதியை மறைச்சேன். (இந்தப் பக்கத்தை அவ படிக்கறதில்லைங்கற தைரியம்!)

2023 ஜூன், ஒரு சனிக்கிழமை ராத்திரி. கராஜ்ல நானும் பையனும். அவனுக்கு அப்ப 15 வயசு. குழாயை அளந்து வெட்டி, முனையில பித்தளை வளையம் கோத்து முறுக்கி, கீழே இருந்து ஊசியில எண்ணெய் ஏத்தி, மேலே புனல்ல காத்துக் குமிழி வர்றதைப் பார்த்துக்கிட்டே தட்டித் தட்டி வெளியேத்துற வேலை. எண்ணெய் அழுத்தினா சுருங்காது, காத்து சுருங்கும். குழாய்ல காத்து இருந்தா நாம அமுக்கற அமுக்கு எல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்கறதுலயே போயிடும், கட்டை நகராது. இது எனக்கு நல்லாவே தெரியும். ஆனா மணி பதினொண்ணு, குளிர்ல விரல் விறைச்சுப்போச்சு, கடைசியா புனல்ல ரெண்டு குமிழி வந்துச்சு. "போதும்டா, நல்லா கெட்டியா இருக்கு"ன்னு மூடிட்டேன். லீவர் நிஜமாவே கல்லு மாதிரி இருந்துச்சு. முன் சக்கரத்தைக் கொக்கியில மாட்டி, சைக்கிளைச் செவுத்துல செங்குத்தா தொங்கவிட்டுட்டு தூங்கப் போனேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பையன் எனக்கு முன்னாடி எழுந்துட்டான். புது பிரேக்கை ஒரு தடவை பார்க்கற ஆசை. சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டான். எங்க தெரு இறக்கம், கீழே மெயின் ரோடு.

பாதி இறக்கத்துல வலது கையை அமுக்கியிருக்கான். நம்ம ஊர் மாதிரியே இங்கயும் வலதுதான் முன் பிரேக். லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. பிரேக் இல்லை. இடது கை பிடிச்சுது, ஆனா பின் பிரேக் மட்டும் அந்த இறக்கத்துக்குப் பத்தாது, டயர் வழுக்க ஆரம்பிச்சுது. மெயின் ரோட்டுல ஒரு லாரி போறதைப் பார்த்திருக்கான். ஹேண்டிலை ஓரத்துப் புல்லுல திருப்பி, யாரோ ஒருத்தர் வீட்டு வேலிச் செடிக்குள்ள போய் விழுந்துட்டான்.

முட்டியில சிராய்ப்பு, கன்னத்துல ஒரு கீறல். அவ்வளவுதான். அவ்வளவுதான்னு எழுதும்போது இப்பவும் கை ஒரு நொடி நிக்குது.

நடந்தது என்னன்னு அப்புறம் புரிஞ்சுது. மிச்சமிருந்த காத்து லீவர் கலயத்தோட உச்சியில இருந்திருக்கு. சைக்கிள் நேரா நிக்கற வரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது. ராத்திரி முன் சக்கரம் மேல இருக்கற மாதிரி தொங்கவிட்டேன் இல்லையா, அப்ப காலிப்பர் மேல, லீவர் கீழே. காத்து மெதுவா குழாய்க்குள்ள ஏறிடுச்சு. பொருள்ல குறை இல்லை, அதைச் செஞ்ச கம்பெனி மேலயும் தப்பில்லை. தப்பு மொத்தமும் என்னோடது. ரெண்டு குமிழியைப் பார்த்தும் மூடினவன் நான்தான்.

தங்கமணி என்கிட்ட மூணு நாள் பேசலை. அது கூட பரவாயில்லை. ஊர்ல அப்பாகிட்ட சொல்லவேண்டாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை வாட்ஸப்ல பேரன் தாத்தாகிட்ட கன்னத்தைக் காட்டிட்டான்.

இங்க கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுத்தணும்.

எங்க அப்பா சுரங்கத்துல வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட்டுக்கு மேல உயரமா நிக்குமே இரும்புக் கோபுரம், அது உச்சியில சக்கரம், அதுல ஓடுற கம்பிக் கயிறு, கயித்து முனையில ஆளுங்க நிக்கிற கூண்டு. அந்தக் கயித்தைச் சுத்துற ராட்சச உருளையை ஓட்டுறவர்தான் அவர். 1880-கள்ல ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பிச்ச வயல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில தரைக்குக் கீழ மூணு கிலோமீட்டருக்கு மேல போச்சு. 1902-ல காவிரியோட சிவசமுத்திரத்துல இருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்க ஊருக்குக் கரண்ட் கொண்டுவந்தாங்க. பெங்களூருக்கு லைட் எரிஞ்சது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1905-ல. இந்தப் பெருமையை ஒரு தடவையாவது சொல்லாம எங்க ஊர்க்காரன் பேச்சை முடிக்கமாட்டான், கண்டுக்காதீங்க.

வைண்டர் டிரைவருக்குக் கூண்டு கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேட்கும், எதிர்ல ஆழம் காட்டுற முள் ஓடும், உருளையில சுண்ணாம்பு அடையாளம் இருக்கும். அதை வெச்சே கூண்டைச் சரியா அந்தந்த மட்டத்துல நிறுத்தணும். ஓட்டும்போது யாரும் பக்கத்துல போய்ப் பேசக்கூடாது. வீட்டுலயும் அப்பா பேச்சு கம்மி. அந்த வேலையோட பழக்கம்னு அம்மா சொல்லுவாங்க.

சரி, வாட்ஸப்புக்கு வருவோம். அப்பாவுக்கு அப்ப 80 வயசு. திட்டுவார்னு நெனச்சேன். திட்டலை.

"எண்ணெயில ஓடுற பிரேக்காடா?"

"ஆமாப்பா."

"எண்ணெய் போச்சுன்னா பிடிக்குமா, விடுமா?"

"விட்டுடும்பா."

கொஞ்ச நேரம் ஸ்கிரீன்ல அவர் நெத்தி மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் சொன்னார். "அத்த வெச்சிக்கினு இறக்கத்துல போற. நல்லாத்தான் கீது."

அவர் கேட்ட கேள்வியோட கனம் எனக்கு அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது. சின்ன வயசுல அவர் பாயில ஒரு அலுமினியத் தட்டை வெச்சு எனக்கு விளக்கியிருக்கார். வைண்டர் உருளைக்கு ரெண்டு பக்கமும் பெரிய பிரேக் கட்டைங்க. நம்ம சைக்கிள் ரிம் பிரேக்கே யானை சைஸுல இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஆனா அதை அமுக்கிப் பிடிக்கிறது காத்தோ எண்ணெயோ இல்லை, பெரிய எடைக்கல்லு. எடை எப்பவும் கீழே இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அழுத்தத்தோட வேலை அந்த எடையைத் தூக்கி பிரேக்கை விடுவிக்கறது. அழுத்தம் போச்சா, எடை விழும், பிரேக் பிடிக்கும். புதுசா வந்த வைண்டர்கள்ல எடைக்குப் பதிலா ஸ்பிரிங், உருளைக்குப் பதிலா டிஸ்க். தத்துவம் அதேதான்.

ரயில்ல அபாயச் சங்கிலியை இழுத்தா வண்டி நிக்குதே, அதுவும் இப்படித்தான். சங்கிலி பிரேக்கைப் போடறதில்லை. குழாயில இருக்கிற காத்தழுத்தத்தைக் குலைக்குது, அது குலைஞ்சா பிரேக் தானா பிடிக்கும். பெட்டி கழண்டு குழாய் அறுந்தாலும் அதேதான். பெரிய லாரிகளோட ஸ்பிரிங் பிரேக்கும் அப்படியே. கெட்டுப்போனா நிக்கணும், ஓடக்கூடாது. உசிரை ஏத்திப் போற வண்டிக்கு மனுஷன் கண்டுபிடிச்ச நல்ல யோசனைகள்ல இது ஒண்ணு.

சைக்கிள் ஹைட்ராலிக் இதுக்கு நேர் எதிர். எண்ணெய் இருந்தாதான் பிடி. போச்சுன்னா போச்சு. காருக்கும் பைக்குக்கும் காலால அமுக்குற பிரேக் அப்படித்தான். அதனாலதான் ஒண்ணுக்கு ரெண்டு வழி வெச்சிருக்காங்க. கேபிள் பிரேக்கும் ஒண்ணும் சாமி இல்லை, அறுந்தா அதுவும் போச்சு. ஆனா கேபிள் நாறு நாறா பிரிஞ்சு கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்க்குள்ள இருக்கிற காத்து தெரியாது.

அடுத்த வாரம் அப்பாவே போன் பண்ணினார். அவர் போன் பண்றது அதிசயம்.

"யோசனை பண்ணேன்டா. உன் சைக்கிள்ல வெயிட்டு இல்ல. அது செய்யற வேலைய நீதான் செய்யணும். நாங்க நின்னு போன இன்ஜின எடுத்தா, ஆள ஏத்தறதுக்கு முன்னாடி வெறும் கூண்ட ஒரு நடை கீழ வுட்டு மேல எடுப்போம். பிரேக்கு பிடிக்குதான்னு பாத்துட்டுதான் மணி வாங்குவோம். நீ வெறும் கூண்டு வுட்டியா?"

விடலை. பையன்தான் என்னோட வெறும் கூண்டு.

அந்த டிசம்பர்ல ஊருக்குப் போனோம். பெங்களூர்ல இருந்து மாரிக்குப்பம் ரயில். பங்காருப்பேட்டை தாண்டினதும் சயனைட் மேடுங்க தெரிய ஆரம்பிக்கும். தங்கத்தை எடுத்துட்டு மிச்ச மண்ணைக் கொட்டின மலைங்க, அதுல இப்பவும் காத்தடிச்சா தூசி ஊருக்குள்ள வரும். 2001 பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கத்தை மூடினாங்க. பம்பு நின்னதும் தண்ணி ஏறி ஷாஃப்ட்டெல்லாம் நிரம்பிடுச்சு. அப்பாவுக்கு அப்ப ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி. அவர் வயசுல கடைசி நாள் சங்கு கேட்டவங்க இப்ப எங்க தெருவுல மூணு பேர்தான் இருக்காங்க.

அக்கா பையன் ராபர்ட்சன்பேட்டையில ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தான். ரெண்டு பக்கமும் டிஸ்க், கேபிள் வகை. இப்பல்லாம் நம்ம ஊர்ல விலை கம்மியான சைக்கிள்லயும் டிஸ்க் வருது. "மாமா, கீச்சு கீச்சுன்னு கத்துது, பிடிக்கவே மாட்டேங்குது"ன்னான். தட்டைத் தொட்டுப் பார்த்தேன், வழவழன்னு இருக்கு. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

"சத்தம் போட்டுச்சேன்னு நான்தான் ரெண்டு சொட்டு விட்டேன்"ன்னாங்க எங்க அம்மா. கதவு கீல் கத்தினா எண்ணெய், தையல் மெஷின் கத்தினா எண்ணெய், சைக்கிள் கத்தினா மட்டும் ஏன் கூடாதுன்னு அவங்க நியாயம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா வயித்துக்குள்ள ஜில்லுனு இருந்துச்சு. அந்தப் பையன் ஸ்கூலுக்குப் போற வழியில ஒரு ரயில்வே கேட் இருக்கு.

எண்ணெய் குடிச்ச கட்டையைக் காப்பாத்த முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். புதுக் கட்டை வாங்கினோம், தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சோம். திண்ணையில அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிட்டார். புதுக் கட்டை போட்டா உடனே நல்லா பிடிக்காது, கொஞ்சம் வேகமா போய் சக்கரம் பூட்டிக்காம மெதுவா நிறுத்தி, திரும்பப் போய், இருபது தடவையாவது பழக்கணும்னு பையனுக்குச் சொன்னேன். அவன் தெருவுல போய் வந்துக்கிட்டே இருந்தான். அப்பா ஒவ்வொரு நடையையும் எண்ணினார். "பதினெட்டு", "பத்தொம்பது". இருபது ஆனதும், "இன்னும் அஞ்சு போடுடா"ன்னார்.

அன்னிக்கு ராத்திரிதான் அந்தக் கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்துல எங்க யாருக்கும் சொன்னதில்லை. எழுபதுகள்ல ஒரு ராத்திரி ஷிஃப்ட். கூண்டு நிறைய ஆளுங்க மேல வந்துக்கிட்டு இருந்தாங்க. நடுவுல கரண்ட் போயிடுச்சு. எல்லாம் இருட்டு. இவர் கை லீவர்ல இருக்கு, ஆனா இவர் ஒண்ணும் செய்யறதுக்கு முன்னாடியே எடை விழுந்து பிரேக் பிடிச்சுடுச்சு. கயிறு ஒரு உலுக்கு உலுக்கி நின்னுச்சு. கரண்ட் வர்ற வரைக்கும் இருட்டுல தனியா உட்கார்ந்திருந்தார். கீழே எத்தனை பேர்னு இவருக்குத் தெரியாது. அதுல தன் சொந்தத் தம்பி, எங்க சித்தப்பா, இருந்தார்ங்கறது விடிஞ்சப்புறம்தான் தெரியும். மேல வந்த ஆளுங்க பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. யாரும் இவரைத் திரும்பிப் பார்க்கலை, பார்க்கவும் அவசியமில்லை.

"நான் நிறுத்துலடா. அந்த வெயிட்டு நிறுத்துச்சு. ஆனா ஷிஃப்ட்டு ஆரம்பத்துல அத்த சோதிச்சது நான்தான்" என்றார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. எழுந்து படுக்கப் போயிட்டார்.

இப்ப என் ஹைட்ராலிக் பிரேக் அருமையா இருக்கு. மறுபடியும் முதல்ல இருந்து காத்தை எடுத்து, ஒரு நல்ல மெக்கானிக்கிட்டயும் காட்டிட்டேன். ஒத்தை விரல்ல மலை முழுக்க இறங்கலாம், தோள் வலி இல்லை. மாத்தலாமான்னு கேட்கறவங்களுக்கு நான் படிச்ச பாடத்தைச் சொல்றேன், காசா பணமா.

ஒண்ணு, ரிம் பிரேக் சைக்கிளை டிஸ்க்கா மாத்தப் பார்க்காதீங்க. அதுக்கு நல்ல புதுக் கட்டை போட்டு, மழையில முன்கூட்டியே லேசா அமுக்கித் தண்ணியைத் துடைக்கப் பழகுங்க. ரெண்டு, கேபிள் டிஸ்க்ல இருந்து ஹைட்ராலிக் போறதா இருந்தா லீவர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. மூணு, எண்ணெய் மாறக்கூடாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் திரவம். மாத்தி ஊத்தினா சீல் ஊதிப்போய் கெட்டுடும். நாலு, சக்கரம் கழட்டியிருக்கும்போது லீவரை அமுக்காதீங்க, பிஸ்டன் வெளியே வந்துடும். அஞ்சு, தட்டுல எண்ணெய் படக்கூடாது. வீட்டுல அம்மா இருந்தா தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஒளிச்சு வைங்க :-)

ஆறாவதுதான் முக்கியம். தொங்கவிட்ட சைக்கிளோ, கார்ல படுக்கவெச்ச சைக்கிளோ, எடுத்ததும் ஏறாதீங்க. நிக்கவெச்சு ரெண்டு லீவரையும் பத்துத் தடவை அமுக்குங்க. லீவர் ஹேண்டில்பாரைத் தொடுதான்னு பாருங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னால தள்ளுங்க, பின் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பின்னால இழுங்க. சமதரையில ஒரு நடை போய் வாங்க. ஒரு நிமிஷம் ஆகும்.

எங்க வீட்டுல அதுக்குப் பேரே வெச்சாச்சு. போன சனிக்கிழமை காலையில கராஜ்ல சத்தம் கேட்டுது. எட்டிப் பார்த்தேன். பையன் தன் சைக்கிளை நிக்கவெச்சு அமுக்கிப் பார்த்துட்டு, வீட்டு முன்னாடி ஒரு வட்டம் அடிச்சுட்டு வந்தான். என் சைக்கிளையும் எடுத்து அதே மாதிரி பண்ணினான். நான் ஒண்ணும் கேட்கலை.

"தாத்தா நடை ஆச்சுப்பா, போலாம்" என்றான்.

போனோம்.